நூறு வருஷத்துக் கதை கிடைக்குது, நாற்பது வருஷத்துக் கதை ஏன் கிடைக்கல?

தமிழில் முதல் சிறுகதை எது என்ற சண்டை இன்னும் தீரவில்லை. ஆனால் அந்தச் சண்டையில் திரும்பத் திரும்ப அடிபடும் இரண்டு பெயர்களும் ஒரே ஊரில், ஒரே காலத்தில் இருந்தவர்களுடையவை. பாரதி 1908-லிருந்து 1918 வரை புதுச்சேரியில் இருந்தார். அவருடைய 'ஆறில் ஒரு பங்கு' 1910-ல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே சென்னை அரசாங்கம் அதைத் தடை செய்தது. வ.வே.சு. ஐயர் 1910-ல் இங்கே வந்து சேர்ந்தார். அவர் எழுதிய 'குளத்தங்கரை அரசமரம்' 1915-ல் 'விவேகபோதினி' இதழில் வந்தது. அதுவும் அவர் பெயரில் இல்லை, மனைவி பாக்கியலட்சுமி அம்மாள் பெயரில்.

இன்றைக்கு அந்த இரண்டு கதைகளையும் படிக்க ஒரு பைசா செலவில்லை. வில்லியனூரில் பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் போனிலேயே முடித்துவிடலாம். தலைப்பைத் தட்டினால் முதல் பக்கத்திலேயே வந்து நிற்கும்.

இப்போ வேற ஒண்ணு தேடிப் பாருங்க. 1980-களில் புதுச்சேரியிலோ கடலூரிலோ கையடக்கமாக வந்த ஒரு சிற்றிதழ், அதில் பாகூர்ப் பக்கத்து வாத்தியார் ஒருத்தர் எழுதிய கதை. பெரும்பாலும் ஒன்றும் வராது. கதையை விடுங்க, இதழின் பெயரே வராது.

நூறு வருஷம் பழைய கதை கைக்குள்ளே இருக்கு. நாற்பது வருஷம் பழைய கதையைக் காணோம். வழக்கமா பழசுதானே முதலில் தொலையணும்? இங்கே ஏன் தலைகீழா இருக்கு? இதைப் புரிந்துகொள்ள நான் எழுதி வைத்த குறிப்புகளைத்தான் ஒழுங்குபடுத்திக் கீழே தருகிறேன். நான் வக்கீல் இல்லை, மென்பொருள் எழுதுகிறவன். ஆனால் இதில் சட்டம், தாள், எழுத்துரு மூன்றும் பின்னிக் கிடப்பதால் மூன்றையும் தொட்டுத்தான் ஆகணும்.

உரிமை எப்போ முடியும்?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ல் வந்தது. எழுத்தாளர் இறந்த பிறகு 50 ஆண்டுகள் வரை உரிமை வாரிசுகளுக்கு என்றுதான் முதலில் இருந்தது. தாகூர் 1941-ல் மறைந்தவர். அவருடைய நூல்களின் உரிமை 1991 கடைசியோடு முடிய இருந்தது. அந்த நேரத்தில்தான் 50-ஐ 60 ஆக்கினார்கள். இறந்த ஆண்டு கணக்கில் சேராது. அடுத்த ஜனவரி 1-லிருந்து 60 ஆண்டுகளை எண்ண வேண்டும்.

இந்தக் கணக்கை நம்ம ஊர் எழுத்தாளர்கள் மேல் போட்டுப் பார்ப்போம்.

வ.வே.சு. ஐயர் 1925-ல் மறைந்தார். பழைய 50 ஆண்டுக் கணக்கிலேயே அவர் எழுத்து பொதுவுக்கு வந்துவிட்டது.

பாரதி 1921-ல் மறைந்தார். அவருக்கு அந்தக் காத்திருப்புகூடத் தேவைப்படவில்லை. 1949-ல் சென்னை அரசாங்கம் உரிமையை எடுத்துக்கொண்டது. 1955-ல் அதை மக்களுக்கே விட்டுவிட்டது.

பாரதிதாசன் 1964-ல் மறைந்தார். சாதாரணக் கணக்கில் 2024 முடிய உரிமை இருந்திருக்கும். தமிழ்நாடு அரசு முன்பே நாட்டுடைமையாக்கியதால் அவர் எழுத்து பல வருஷம் முன்னாடியே இணையத்துக்கு வந்தது. நாட்டுடைமை என்றால், அரசு வாரிசுகளுக்கு ஒரு தொகை கொடுத்து உரிமையை வாங்கிப் பொதுவில் வைப்பது. அப்படிப் பொதுவான நூல்களில் இரண்டாயிரத்துக்கு மேல் தமிழ் விக்கிமூலத்தில் ஏறியிருக்கின்றன.

பிரபஞ்சன் புதுச்சேரியில் பிறந்து, 2018 டிசம்பரில் மறைந்தவர். அவர் கதைகளின் உரிமை 2078 டிசம்பர் 31 வரை. கி. ராஜநாராயணன் இடைசெவல்காரர் என்றாலும் 1989-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்கு வந்ததிலிருந்து 2021-ல் மறையும் வரை இந்த ஊர்க்காரராகவே இருந்தார். அவருக்கு 2081 வரை.

இந்த இருவரைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. பதிப்பாளர்கள் இருக்கிறார்கள், புத்தகங்கள் கடையில் இருக்கின்றன. வேண்டியவர்கள் வாங்கிப் படிக்கலாம். பிரச்சினை, பெரிய பதிப்பாளர் கிடைக்காத மூன்றாவது ஆள். ஐந்தாறு சிற்றிதழ்களில் பத்துப் பதினைந்து கதை எழுதி, கைக்காசில் ஒரு தொகுப்புப் போட்டு, 300 பிரதியோ 500 பிரதியோ அச்சடித்து, பாதியை நண்பர்களுக்குக் கொடுத்து, மீதியைப் பரணில் ஏற்றி வைத்த ஆள். அவர் 2020-ல் இறந்திருந்தால் அவர் கதைகள் பொதுவுக்கு வருவது 2081 ஜனவரி 1. அவர் 1985-ல் எழுதிய கதை வந்த இதழுக்கு அப்போ 96 வயசு.

அந்த இதழ் 96 வயசு வரை இருக்குமா?

தாளோட ஆயுசு

மலிவான நியூஸ் பிரிண்ட் தாள் மரக்கூழில் செய்தது. மரத்தில் இருக்கும் லிக்னின் என்ற பொருளை முழுக்க நீக்காமலேயே அந்தத் தாளைச் செய்வார்கள். வெளிச்சமும் காற்றும் பட்டால் அது பழுப்பாகும், அமிலம் கூடும், அந்த அமிலம் நாரைத் துண்டு துண்டாக வெட்டும். மடித்த இடத்தில் ஒடியும் பழைய வார இதழை நீங்க பார்த்திருப்பீங்க. காசில்லாத சிற்றிதழ்கள் பெரும்பாலும் இந்த மாதிரித் தாளில்தான் வந்தன. கடலோரத்து ஈரக்காற்று, கரையான், துருப்பிடிக்கும் ஸ்டேப்ளர் பின் எல்லாம் சேர்ந்தால் ஆயுசு இன்னும் குறையும்.

இது மெதுவான சாவு. வேகமான சாவும் உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. வில்லியனூர் வழியாகப் போகும் சங்கராபரணியும் பாகூர்ப் பக்கத்துத் தென்பெண்ணையும் கரை தாண்டின. சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் பாகூர் கொம்யூன் கிராமங்களுக்குள் புகுந்தது. வீட்டுக்குள் தண்ணி வந்தால் அரிசி மூட்டையைத் தூக்குவோம், பத்திரத்தைத் தூக்குவோம், பிள்ளைங்க சர்ட்டிஃபிகேட்டைத் தூக்குவோம். தாத்தா எழுதிய கதை வந்த பழைய இதழ்க் கட்டை யார் தூக்குவா? தண்ணி வடிஞ்ச பிறகு அது குப்பை வண்டிக்குத்தான் போகும்.

பிரதி ஒன்றிரண்டுதான் இருந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழர்கள் மிகக் கொடுமையாகக் கற்றது யாழ்ப்பாணத்தில். 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அதில் வேறெங்கும் பிரதி இல்லாதவையும் இருந்தன. பின்னால் 2005-ல் தொடங்கிய 'நூலகம்' திட்டம், ஈழத்து நூல்களையும் சின்னச் சின்ன இதழ்களையும்கூட விடாமல் மின்வடிவாக்கியதற்குப் பின்னால் அந்த நினைவும் இருக்கிறது. இன்று ஈழத்துச் சிற்றிதழ்க் கதை ஒன்றைத் தேடுவது, புதுச்சேரிச் சிற்றிதழ்க் கதை ஒன்றைத் தேடுவதைவிட எளிது. போர் நடந்த ஊரில் தப்பித்தது, அமைதியாக இருந்த ஊரில் தப்பவில்லை. யோசிக்க வேண்டிய விஷயம்.

ஆக, தலைகீழ் ஏன் என்ற கேள்விக்குப் பதில் இதுதான்: உரிமை முடிவதற்குள் தாள் முடிந்துவிடுகிறது. வ.வே.சு. ஐயர் கதையின் உரிமை முடிந்தபோது பிரதிகள் இருந்தன, ஆர்வம் உள்ளவர்களும் இருந்தார்கள். 1985-ஆம் ஆண்டுக் கதைக்கு அந்த அதிர்ஷ்டம் இருக்காது.

காப்பது வேறு, பகிர்வது வேறு

"அப்போ எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி பிடிஎஃப் போட்டுட வேண்டியதுதானே?" என்று கேட்பவர்கள் நிறைய. வாட்ஸப் குழுக்களில் தினமும் நடப்பதும் அதுதான். ஆனால் அங்கே சுற்றும் பிடிஎஃப்களைக் கவனித்தால் ஒரு விஷயம் தெரியும். கடையில் கிடைக்கும் புத்தகங்கள்தான் திரும்பத் திரும்பச் சுற்றுகின்றன. உயிரோடு இருக்கும் எழுத்தாளருக்கு வரவேண்டிய சொற்ப ராயல்டியும் அதில் போகிறது. உண்மையிலேயே அழியப்போகிற கதைகளை யாரும் தொடுவதில்லை.

இங்கே இரண்டு வேலைகளைக் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று காப்பது, இன்னொன்று பகிர்வது. சட்டம் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கிறது.

காப்பதற்கு வழி இருக்கு. 2012-ல் சட்டத்தைத் திருத்தியபோது 52-ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்கைச் சேர்த்தார்கள். வணிக நோக்கமில்லாத பொது நூலகம், தன்னிடம் ஒரு நூலின் அச்சுப்பிரதி ஏற்கெனவே இருந்தால், பாதுகாப்புக்காக அதை மின்வடிவில் சேமித்து வைக்கலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. புதுச்சேரியில் நூலகங்கள் கலை பண்பாட்டுத் துறையின் கீழ் வருகின்றன. 1827-ல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் முதல் கிராமக் கிளை நூலகம் வரை இந்த விதிவிலக்கைப் பயன்படுத்தலாம். வீட்டில் இருக்கும் உங்கள் சொந்தப் பிரதியை உங்கள் படிப்புக்காகப் படம் எடுத்து வைத்துக்கொள்வதையும் அதே பிரிவு தடுக்கவில்லை. ஆக, காப்பதற்கு 2081 வரை காத்திருக்க வேண்டாம். இன்றே செய்யலாம்.

பகிர்வதற்குத்தான் அனுமதி வேணும். அதுவும் நினைப்பதைவிடச் சுலபம். ஏன்னு சொல்றேன்.

உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பது எழுத்துமூலமாக, கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எவ்வளவு காலத்துக்கு என்று அதில் எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். சிற்றிதழுக்குக் கதை அனுப்பியவர்கள் யாரும் ஒப்பந்தம் போட்டதில்லை. இன்லேண்ட் லெட்டரில் ஒரு வரி, கதை வந்தால் ஒரு இலவசப் பிரதி, அவ்வளவுதான். அதனால் உரிமை இதழ்க்காரரிடம் போகவே இல்லை. எழுத்தாளரிடம், அவருக்குப் பிறகு அவர் வீட்டாரிடம் இருக்கு. வீடு எங்கே என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். பாகூரிலோ மங்கலத்திலோ ஒரு டீக்கடையில் விசாரித்தால் போதும்.

வீட்டார் கொடுக்க வேண்டியது ஒரு கடிதம். "இந்தக் கதைகளை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடச் சம்மதம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், உரிமை அவர்களிடமே இருக்கும். மற்றவர்கள் படிக்கவும் பகிரவும் மட்டும் அனுமதி கிடைக்கும். இந்த உரிமத்தில் சில வகை உண்டு. எல்லாவற்றிலும் ஆசிரியர் பெயரைப் போட்டே ஆகணும். அதற்கு மேல், விற்கக் கூடாது, மாற்றக் கூடாது, மாற்றினால் இதே உரிமத்தில்தான் வெளியிடணும் என்ற நிபந்தனைகளில் வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளலாம். 2013-லிருந்து இயங்கும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம் இப்படி எழுத்தாளர்களிடமே அனுமதி வாங்கித்தான் மின்னூல் வெளியிடுகிறது.

வீட்டாரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை இரண்டு. ஒன்று, இந்த உரிமத்தைக் கொடுத்தால் திரும்ப வாங்க முடியாது. இரண்டு, "விற்கக் கூடாது" என்ற நிபந்தனை போட்டால் விக்கிமூலம் ஏற்காது. மற்ற இடங்கள் ஏற்கும். வாரிசுகள் நாலு பேர் என்றால் நாலு பேரும் சம்மதிக்கணும். அண்ணன் கையெழுத்துப் போட்டார், தம்பி போடவில்லை என்றால் பின்னால் வம்பு. இதையெல்லாம் உயிரோடு இருக்கும்போதே தெளிவாக்கிவிட்டவர் கி.ரா. தன் எழுத்துகளின் உரிமையை மகன்களோடு வாசகர் ஒருவருக்கும் சேர்த்து எழுதிவைத்துவிட்டுப் போனார்.

படம் வேறு, எழுத்து வேறு

அனுமதியும் வாங்கியாச்சு, ஸ்கேனும் பண்ணியாச்சு என்று வைப்போம். அதை அப்படியே இணையத்தில் ஏற்றினால் கதை கிடைத்துவிடுமா? கிடைக்காது. ஸ்கேன் என்பது கதையின் போட்டோ. தேடுபொறிக்கு அந்தப் போட்டோவுக்குள் என்ன சொல் இருக்கு என்பது பல சமயம் தெரியாது. எழுத்தாக மாற்றினால்தான் தேடலில் வரும், போனில் பெரிதாக்கிப் படிக்கலாம், கண் தெரியாதவருக்கு மென்பொருள் படித்துக் காட்டும்.

இதை முதலில் புரிந்துகொண்டு உழைத்தவர்கள் மதுரைத் திட்டத்தினர். 1998 பொங்கலன்று தொடங்கிய திட்டம். உலகம் முழுக்க இருந்த தன்னார்வலர்கள் பழைய நூல்களைக் கையாலேயே தட்டச்சு செய்தார்கள். அப்போது யூனிகோட் புழக்கத்தில் இல்லை. இணைமதி, பிறகு திஸ்கி என்று ஒவ்வொரு குறியீடாக மாறி, கடைசியில் யூனிகோடுக்கு வந்தார்கள். மாற்றிக்கொண்டே வந்ததால்தான் அவை இன்னும் படிக்க முடிகிறது. மாற்றாமல் விட்ட பல பக்கங்கள் இன்று ஆங்கில எழுத்துக் குப்பை மாதிரித் தெரியும்.

இன்றைக்குக் கையால் தட்ட வேண்டியதில்லை. கூகுளும் டெசராக்டும் தமிழ் அச்சைப் படிக்கும். ஆனால் மூன்று இடத்தில் தடுக்கும்.

முதலாவது, பழைய எழுத்து. 1978-ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போடும் வரை 'லை', 'னை', 'ணா', 'றா' போன்றவை வேறு வடிவில் இருந்தன. அச்சகங்களில் பழைய அச்சு அதற்கப்புறமும் சில காலம் ஓடியது. மென்பொருள் அங்கே தடுமாறும். மனிதக் கண் பார்த்துத் திருத்தணும்.

இரண்டாவது, கண்ணுக்கு ஒன்றாகவும் கணினிக்கு வேறாகவும் இருக்கும் எழுத்து. 'மௌனி' என்று தேடிப் பாருங்க. பிறகு 'மெளனி' என்று தேடுங்க. இரண்டும் ஒன்றுபோலத்தானே இருக்கு? முதலாவதில் இருப்பது 'மௌ' என்ற ஒரே எழுத்து. இரண்டாவதில் 'மெ' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் 'ள' என்ற தனி எழுத்து. 'கொ' எழுதுவதிலும் யூனிகோடில் இரண்டு வழி உண்டு. ஆனால் அவை ஒன்றுதான் என்று யூனிகோடே சொல்லிவிட்டதால் மென்பொருள் சமாளித்துக்கொள்ளும். 'ள' விஷயத்தில் அப்படி ஏற்பாடு எதுவும் இல்லை. மிகக் குறைவாக எழுதிய ஒரு மேதையின் கதைகள், தட்டியவரின் ஒரு விரல் பழக்கத்தால் இரண்டு பெட்டிகளில் பிரிந்து கிடக்கும்.

மூன்றாவது, 1990-களின் டிடிபி. அந்தக் காலத்துச் சிற்றிதழ்களையும் தொகுப்புகளையும் பேஜ்மேக்கரில், பாமினி மாதிரி எழுத்துருக்களில் அடித்தார்கள். அதிலிருந்து எடுத்த பிடிஎஃப்பில் தமிழ் தெரியும். காப்பி பண்ணி ஒட்டினால் ஆங்கிலக் கோணல் எழுத்து வரும். பயப்பட வேண்டாம். பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே இருக்கு. டிடிபி கடைக்காரரிடம் பழைய சிடி இருந்தால் அது ஸ்கேனைவிட மேல். பிழை மிகக் குறைவு.

பிறப்புக் குறிப்பு

பாகூர் என்றதும் வரலாறு படித்தவர்களுக்கு நினைவு வருவது செப்பேடு. 9-ஆம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில், இங்கே இருந்த கல்வி நிலையத்துக்கு மூன்று கிராமங்களைக் கொடையாகக் கொடுத்த செய்தி அதில் இருக்கு. ஆயிரம் வருஷத்துக்குப் பிறகு, 1879-ல் அது கிடைத்தபோது படித்தவர்களுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. எந்த அரசன், அவன் ஆட்சியில் எத்தனையாவது ஆண்டு, கொடுத்தவர் யார், யாருக்கு, எந்த ஊர், எல்லை எது என்று எல்லாம் ஏட்டிலேயே இருந்தது. செம்பு என்பதால் மட்டும் அது பயன்படவில்லை; விவரம் கூடவே இருந்ததால் பயன்பட்டது.

இப்போ நம்ம போனுக்கு வரும் கதைகளைப் பாருங்க. மேலே "படித்ததில் பிடித்தது" என்று இருக்கும். ஆசிரியர் பெயர் இருக்காது. யாரோ ஒருத்தர் உட்கார்ந்து எழுதிய கதை, பத்தாவது கைக்குப் போகும்போது அனாதை. கதை பரவுது, எழுதினவர் தொலைஞ்சு போறார். இது இணையம் கொண்டுவந்த கெட்ட பழக்கமும் இல்லை. வார இதழ்களிலிருந்து கதையைக் கிழித்து பைண்டு பண்ணி வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இருந்தது. பைண்டர் ஓரம் வெட்டும்போது பல நேரம் இதழின் பெயரும் தேதியும் அந்த ஓரத்தோடு போய்விடும். கதை மட்டும் மிஞ்சும்.

தேதியும் இதழும் எதுக்கு, கதைதானே முக்கியம் என்று தோன்றலாம். முதல் சிறுகதை எது என்ற சண்டையையே எடுத்துக்கோங்க. இதழும் ஆண்டும் தெரிந்ததால்தான் சண்டையே போட முடிகிறது. 'குளத்தங்கரை அரசமரம்' யாருடையது என்று சொல்ல, மனைவி பெயரில் வந்தது என்ற குறிப்பு வேணும். அது இல்லாமல் போயிருந்தால் அது பாக்கியலட்சுமி அம்மாள் கதை. புதுமைப்பித்தன் கதைகளை ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்துக் காலச்சுவடு 2000-ல் வெளியிட்டது. எந்தக் கதை எந்த இதழில் எப்போது வந்தது, பிறகு எங்கே மாற்றினார் என்று தேடித் தொகுத்த பிறகுதான் ஒரு எழுத்தாளன் எப்படி வளர்ந்தான் என்பதே ஒழுங்காகத் தெரிந்தது.

உரிமைக் கணக்குக்கும் இதே விவரம் வேணும். புனைபெயரில் வந்து, எழுதியது யார் என்று வெளியே தெரியவே இல்லை என்றால், 60 ஆண்டு என்பது கதை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து ஓடும். 1960-ல் வந்த அப்படியொரு கதை 2020 முடிவோடு பொதுச்சொத்து. ஆனால் 1960-ல் வந்தது என்று காட்ட இதழின் முன்பக்கம் இருக்கணுமே.

ஊர்ப் பெயரையும் எல்லா வடிவத்திலும் எழுதி வைப்பது நல்லது. பாண்டிச்சேரி 2006-ல் அதிகாரபூர்வமாகப் புதுச்சேரி ஆனது, எழுதுகிறவர்களுக்குப் புதுவை. பாகூரே கல்வெட்டில் வாகூர். ஐயர் ஒரு பக்கத்தில் அய்யர். தேடுகிறவர் எந்த வடிவத்தில் தேடுவார் என்று நமக்குத் தெரியாது.

வீட்டில் ஒரு கட்டு இருந்தால்

இவ்வளவையும் வேலையாக மாற்றினால் சின்னதுதான்.

1. கட்டைப் பிரிக்கும் முன் அட்டை, பொருளடக்கம், அச்சகம் போட்ட பக்கம் மூன்றையும் முதலில் படம் எடுங்க. கதை அதற்கப்புறம். பகல் வெளிச்சம் போதும், ஃபிளாஷ் வேண்டாம். துருப்பிடித்த பின்னை இழுக்காதீங்க, நெம்பி எடுங்க.

2. ஒவ்வொரு கதைக்கும் ஐந்து விவரம் எழுதி வைங்க: தலைப்பு, அச்சில் இருக்கும் பெயர், உண்மைப் பெயர், இதழும் மாதமும் ஆண்டும், எழுத்தாளர் மறைந்திருந்தால் அந்த ஆண்டு. கோப்பின் பெயரிலேயே இதழும் ஆண்டும் இருக்கட்டும்.

3. பிரதி மூன்று இடத்தில் இருக்கட்டும். அதில் ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். ஃபெஞ்சல் சொல்லிக் கொடுத்தது இதுதான்.

4. அச்சுப் பிரதியை எடைக்குப் போடாதீங்க. கிளை நூலகத்துக்கோ, 1955-லிருந்து இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் போன்ற இடத்துக்கோ கொடுக்க முடியுமா என்று கேளுங்க. பொது நூலகத்துக்குப் போனால் பாதுகாப்புக்கான மின்பிரதி எடுக்கும் சட்ட வழியும் அங்கே திறக்கும்.

5. வீட்டாரிடம் உட்கார்ந்து பேசுங்க. அவசரப்படுத்த வேண்டாம். முதலில் ஒரு கதையை மட்டும் எழுத்தாக்கி, பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுங்க. அப்பா எழுதியதைப் பிள்ளைங்களே படிக்காமல் இருந்திருக்கலாம். அதற்கப்புறம் கடிதம் பற்றிப் பேசலாம். வேண்டாம் என்றால் சரி என்று சொல்லிவிட்டு, பிரதியை மட்டும் பத்திரமா வைங்க.

6. கடையில் கிடைக்கும் புத்தகமாக இருந்தால் பிடிஎஃப் அனுப்பாதீங்க. எந்தக் கதை, ஏன் பிடித்தது, புத்தகம் எங்கே கிடைக்கும் என்று நாலு வரி எழுதி அனுப்புங்க. சி.சு. செல்லப்பா 'எழுத்து' வெளியீடுகளைத் தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். நமக்கு நாலு வரி தட்டுவது பெரிய சுமையில்லை.

இதில் ஒவ்வொரு படிக்கும் ஆள் வேணும். பழைய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர், பிழை திருத்தும் பொறுமை உள்ளவர், ஊரில் யார் வீடு எங்கே என்று தெரிந்தவர். விக்கிமூலத்தில் ஒரு பக்கத்தை ஒருத்தர் திருத்தினால் மஞ்சள், இன்னொருத்தர் சரிபார்த்தால் பச்சை. ஒருத்தரால் பச்சையாக்க முடியாது என்பதுதான் அதன் விதி. இந்த வேலை முழுக்கவும் அப்படித்தான்.

ஐப்பசி மழைக்கு முன்னாடி ஒரு ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறிப் பாருங்க. ஏதாவது கட்டு கிடைத்தால், அட்டையையும் பொருளடக்கத்தையும் மட்டும் படம் எடுத்து எனக்கு எழுதுங்க. அந்த இதழ் வேறெங்காவது இருக்கா என்று நான் தேடிப் பார்க்கிறேன்.